டூரிங் மாடல் கண்ணாடி

கல்வராயன் மலை ஆஸ்பத்திரிக்குத் தினமும் ஏறி இறங்கும் நர்ஸ் மணிமொழி, சங்கராபுரம் புரோக்கரிடம் பழைய அட்வென்ச்சர் பைக் இரண்டைப் பார்த்தாள். ஒன்றில் முன்கண்ணாடி குட்டை. நெடும்பயணத்துக்கான மற்றொன்றில், டூரிங் மாடலில், முகத்தை மறைக்கும் உயரம். மலைப்பனி முகத்தில் அறையக் கூடாதென்று டூரிங் மாடலையே வாங்கினாள்.

மறுநாள் காலை மூன்றாவது வளைவில், பனி படிந்த கண்ணாடியில் எழுத்துகள் தெரிந்தன: 'அப்பா, மெதுவா போ.' துடைத்தாள். மறுபடியும் தெரிந்தன. எத்தனையோ பிணம் பார்த்தவள் அவள். யாரோ ஒட்டிய ஸ்டிக்கரின் தடம் என்று ஆக்ஸிலேட்டரை முறுக்கினாள்.

சாயங்காலம் புரோக்கரிடம் நிறுத்தி, "அந்த ஸ்டிக்கர் தடத்தை எடுத்துக் குடுங்கண்ணே" என்றாள்.

"இன்னா ஸ்டிக்கரு சிஸ்டர்?" அவர் குரல் இறங்கியது. "பழைய கண்ணாடிதான் ஆக்ஸிடென்ட்ல தூள்தூளாப் போச்சே. இது நான் புதுசா வாங்கி மாட்டுனது."