மூன்று பேரிடம் வேலை

கிள்ளான் ரயில் நிலையத்துக்குப் பாதி வழி நடந்த பிறகுதான் இடுப்பில் ஏப்ரன் இன்னும் இருப்பதைக் கவனித்தேன். அவிழ்த்துப் பைக்குள் திணித்துக்கொண்டு நடந்தேன். திரும்பிப் போனாலும் யாரிடம் கொடுப்பது? அந்தச் சாப்பாட்டுக் கடைக்கு மூன்று முதலாளிகள், அண்ணன் தம்பிகள். பெரியவர் சாம்பாரில் தண்ணீர் ஊற்றச் சொல்வார். அடுத்தவர் ஏன் ஊற்றினாய் என்பார். சின்னவர் அந்த இரண்டு பேர் பேச்சையும் கேட்காதே என்பார். அன்று காலை முதல்முறையாக மூவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள்: நான் போக வேண்டும். கடை மாடியில் இருந்த படுக்கையும் வேலையோடு போயிற்று.

ஆறாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வேலை போவது புதிதல்ல. ஆனால் இருட்டுவதற்குள் படுக்க ஓர் இடம் வேண்டும்.

ரயிலேறி வந்து இறங்கிய பிரிக்பீல்ட்ஸில் ஒரு தேவாலயத்தின் முன்பக்கத்திலிருந்து தமிழ்ப் பாட்டும் பின்பக்கத்திலிருந்து மீன்கறி வாசமும் வந்தன. எதற்காக உள்ளே போனேன் என்பதை மறைக்கப் போவதில்லை.

செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். மற்றவர்களெல்லாம் செருப்போடு இருந்தார்கள். அன்று திரித்துவ ஞாயிறாம். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி, மூவர், ஆனால் ஒரே கடவுள் என்றார் போதகர். மறுபடியும் மூன்று பேரா?

ஜெபிக்கச் சொன்னார்கள். கோயிலில் சன்னதி சன்னதியாக நின்று கும்பிட்டு வளர்ந்தவன் என்பதால் கோரிக்கையைப் பிரித்தே கொடுத்தேன். பிதாவிடம் வேலை. குமாரனிடம் படுக்கை. முழங்கால் வலியை ஆவியானவரிடம் விட்டேன். ஒருவர் தலையிலேயே எல்லாவற்றையும் கட்ட வேண்டாமே.

சாப்பாட்டு வரிசையில் நிற்கக் கூச்சமாக இருந்தது. பின்பக்கம் போய்ச் சட்டி கழுவ ஆரம்பித்தேன். அன்றைய சமையல், செராஸில் கேட்டரிங் நடத்தும் ஒரு அக்கா, அவர் கணவர், அக்காவின் தம்பி மூவருடையது.

"யாரு தம்பி நீங்க? சபைக்குப் புதுசா?" என்றார் அக்கா.

கதையைச் சொன்னேன், பிரித்து வேண்டிக்கொண்டதையும் சேர்த்து. அவர் தம்பி கரண்டியைப் போட்டுவிட்டுச் சிரித்தார்.

"என்னாண்ணே, இமிகிரேஷன் கவுண்டரா இது? ஒரு ஃபாரம் இங்க, ஒரு ஃபாரம் அங்கன்னு!"

"சும்மா இருடா," என்றார் அக்கா. "ஒருத்தர்கிட்ட சொன்னா போதும் தம்பி. மூணு பேருக்கும் ஒரே மனசு."

"மூணு பேருக்கு ஒரே மனசாக்கா? கிள்ளான்ல பாத்துட்டுதான் வரேன்லா. சாம்பார்லயே ஒத்துப்போகல."

கணவர் அடுப்பைத் துடைத்தபடி சொன்னார்: "அங்க ஆளாளுக்குப் புடுங்குறாங்க. இங்க ஒருத்தருக்கொருத்தர் குடுக்குறது. கடவுள் அன்பா இருக்காருன்னு சொல்றோம்ல? உலகமே இல்லாதப்ப யாரை நேசிச்சாரு? தனியா இருந்தா அன்பு ஏது? அப்பா மகனை, மகன் அப்பாவை, ஆவியானவரும் அதே அன்புல. ஆரம்பத்துலேர்ந்தே அப்படித்தான். அதுக்கப்புறம்தான் நம்மளையெல்லாம் கூப்பிட்டாரு."

"நம்ப முடியலண்ணே."

"பரவால்ல. மொதல்ல சாப்பிடுங்க."

சமைத்தவர்கள் கடைசியில் சாப்பிடுவது அவர்கள் வழக்கம். நால்வரும் உட்கார்ந்தபோது சட்டியில் மீன் ஒரு துண்டுதான் மிச்சம். அக்கா அதைக் கணவர் தட்டில் வைத்தார். அவர் ஏதோ பேசிக்கொண்டே மைத்துனர் தட்டுக்குத் தள்ளினார். "காலைலேர்ந்து நீதான் நிக்கிற," என்று தம்பி அக்காவுக்குப் போட்டார். அது மறுபடி கிளம்பியது. யாரும் தியாகி முகம் காட்டவில்லை. கை தானாகப் போயிற்று. பூப்பந்து ஆட்டம் பார்ப்பதுபோல் என் கழுத்து அதன் பின்னாலேயே திரும்பியது. இரண்டாம் சுற்றில் மீனின் வால் உடைந்தது.

மூன்றாம் சுற்றில் அக்கா அதை என் தட்டில் வைத்தார்.

நான் யாருக்கும் தள்ளவில்லை. அந்த அளவுக்கு எனக்கு இன்னும் பக்தி வரவில்லை. முள்ளைக்கூடச் சப்பினேன். பிறகு கேட்டேன்: "வேலைக்கு ஆள் வேணுமாக்கா? படுக்கவும் இடம் இல்ல."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"செராஸ்ல நம்ம கிச்சனுக்குப் பின்னால ரூம் இருக்கு," என்றார் கணவர். "அரிசி மூட்டை கெடக்கு. தள்ளி வெச்சுட்டுப் படுங்க."

மறுநாள் காலை ஆறு மணிக்கு, ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு தொழிற்சாலையின் மதியச் சாப்பாட்டுக்காக, ஒரு மூட்டை வெங்காயத்தின் முன்னால் கத்தியோடு உட்கார்ந்தேன்.