கஞ்சி போட்ட விரிப்பு

பறவை என்னுடையது அல்ல. என் மனைவி வாங்கியது. அவள் போய் இரண்டு வருடம் நான்கு மாதம் ஆகிறது, பறவை போகவில்லை. சாம்பல் உடம்பு, மஞ்சள் தலை, கோபம் வந்தால் நிமிரும் கொண்டை. ஏதோ வெளிநாட்டு இனம். நான் கையை நீட்டினால் இரண்டில் ஒரு முறை கொத்தும். எங்களுக்குள் ஒத்துப்போனதே இல்லை.

ஆனால் மனைவியின் குக்கரைக் கேட்டுக் கேட்டு அதுவும் விசில் அடிக்கப் பழகியிருந்தது. காலை ஏழேகாலுக்கு மூன்று விசில். மூன்றையும் எண்ணிவிட்டுத்தான் காப்பியைக் கையில் எடுப்பேன். அது நின்றுபோனால் இந்த வீட்டில் என் இருமலைத் தவிர வேறு சத்தம் இல்லை.

பசுமலையில் நான் குடியிருப்பது மாடிப் போர்ஷன். கீழே வீட்டுக்காரம்மா. சௌராஷ்டிரக் குடும்பம். முன்னறையில் மிஷின் போட்டு ஜாக்கெட்டும் நைட்டியும் தைக்கிறார். எங்களுக்கு நடுவில் பதினாறு படி. அந்தப் பதினாறையும் என்னைத் திட்டுவதற்கு மட்டுமே ஏறுவார். தங்கையோடு போனில் அவர்கள் மொழியில் பேசும்போது நடுநடுவே மாடியைப் பார்த்துக் கையை ஆட்டுவார். சொல் புரியாவிட்டாலும் கை புரியும்.

கூண்டு பால்கனியில் இருக்கிறது. அடித்தட்டில் செய்தித்தாள் விரிப்பேன். பறவை அதைக் கம்பி வழியாக இழுத்து, நாடா நாடாவாகக் கிழித்துக் காற்றில் விடும். ஒரு நாள் கீழே போய்ப் பொறுக்கினேன். எழுபத்து மூன்று நாடாக்கள். அவற்றில் பதினொன்று, எச்சத்தோடு, கொடியில் கிடந்த யாரோ ஒரு பெண்ணின் கல்யாண ஜாக்கெட்டில் ஒட்டியிருந்தன.

"சார், இது பட்டு. அந்தப் பொண்ணு வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்றது? ஒரு வாரம் பாப்பேன். இன்னொரு பேப்பர் கீழ விழுந்துச்சு, பறவைய யாருக்காச்சும் குடுத்துருங்க. இல்லாட்டி வீட்டக் காலி பண்ணுங்க."

"பேப்பர நான் கிழிக்கலையே."

"அப்பக் கிழிக்கிறவர வரச் சொல்லுங்க, அவர்ட்டயே பேசிக்கிறேன். அவரு விசில நம்பி ரெண்டு தடவ பருப்ப வேகாம எறக்கிருக்கேன், தெரியுமா?"

"எண்ணத் தெரியாததுக்குப் பறவை என்ன செய்யும்?"

"எண்ணுறது உங்களுக்குப் பொழப்பு. எனக்கு வேற வேல கெடக்கு."

காகிதம் வேண்டாம், துணி விரிப்போம், துவைத்துத் துவைத்துப் போடலாம் என்று முடிவு செய்தேன். மறுநாள் டவுன் பஸ்ஸில் சிம்மக்கல் போய் மூன்று கடை ஏறினேன். இரண்டு கடையில் என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை. மூன்றாவது கடைக்காரர் ஒரு பாய். வெளுக்காத காடாத் துணியைக் கிழிக்கும்போது, "இம்புட்டுத் துணி எதுக்குண்ணே? பேரப்புள்ளைக்கா?" என்றார்.

"பறவைக் கூண்டுல விரிக்க."

அவர் முழக்கோலைக் கீழே வைத்துவிட்டு உள்ளே திரும்பி, "மாப்ள, இங்க வா. அண்ணே பறவைக்கு ஜட்டி தைக்கிறாராம்" என்றார். இரண்டு பேரும் சிரித்து முடிக்கும்வரை நின்றேன். முழக்கோலின் முனை தேய்ந்திருந்தது. அதைச் சொன்னேன். சிரிப்பு நின்றது.

தைக்க வேறு யாரிடம் போவது? பதினாறு படி இறங்கினேன். வீட்டுக்காரம்மா துணியை விரலால் நெருடிப் பார்த்தார்.

"காடாத் துணி. மொதல்ல ஒரு ராத்திரி நனையப் போட்டுக் காய வச்சு, அப்பறம் வெட்டணும். ரெண்டு இஞ்சு கூட விட்டுக்கலாம்."

நான் சர்வே ஆபீசில் முப்பத்து நான்கு வருடம் அளந்தவன். "நீளம் நாப்பத்தாறு சென்டி. அகலம் முப்பத்தொண்ணு. தட்டோட அளவு அதுதான். ஆறு விரிப்பு தைச்சுக் குடுங்க."

"தட்டு சுருங்காது சார். துணி சுருங்கும்."

"சொன்ன அளவுக்குத் தைங்க."

"தைக்கிறேன். வேல வேற, வீடு வேற. ஒரு வாரம்னா ஒரு வாரந்தான்."

ஆறும் அன்று மாலையே கிடைத்தன. அளந்து பார்த்தேன். அரை சென்டிமீட்டர்கூடப் பிசகில்லை. அந்த ஒரு நாள் எனக்கு அவர்மேல் கோபம் இல்லை.

முதல் துவைப்பிலேயே நாற்பத்தாறு நாற்பத்து மூன்றானது, முப்பத்தொன்று இருபத்தொன்பதானது. ஓரங்கள் பொரித்த அப்பளம் போலச் சுருண்டன. இடைவெளியில் எச்சம் விழுந்து தட்டில் காய்ந்தது. சுருண்ட மூலையைப் பறவை அலகால் பிடித்து இழுக்கும். நான்காம் நாள் ஒரு விரிப்பைப் பாதிக்குமேல் கம்பிக்கு வெளியே இழுத்துவிட்டது. அது பால்கனியில் தொங்கியது. கீழே வீட்டுக்காரம்மா இடுப்பில் கை வைத்து நின்று அண்ணாந்து பார்த்தார்.

"என்ன சார், தோரணமா?"

இன்னும் மூன்று நாள். ஒப்புக்கொண்டு கீழே இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை. துணி சுருளாமல் நிற்க வழி எனக்குத் தெரியும். முப்பத்து நான்கு வருடம் கஞ்சி போட்ட வேட்டி கட்டி ஆபீஸ் போனவன். சோறு வடித்த கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சி, ஆறு விரிப்பையும் முக்கி, இழுத்து நீவி மொட்டைமாடியில் போட்டேன். நம் ஊர் வெயிலில் இருபது நிமிடத்தில் அட்டை போல ஆயின. தட்டில் படிந்து கிடந்தன. ஐந்தாம் நாளும் ஆறாம் நாளும் ஒன்றும் கீழே விழவில்லை. ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

ஏழாம் நாள் விடிந்ததும் கூண்டின் மேல் போட்டிருந்த போர்வையை எடுத்தேன். புளித்த வாடை அடித்தது. பறவை தண்ணீர்க் கிண்ணத்தைக் கவிழ்த்திருந்தது, நனைந்த விரிப்பு கொழகொழவென்று இருந்தது, அதன்மேல் சிவப்பெறும்பு. குழாய் ஓரமாகச் சுவரில் ஏறி வந்த வரிசை கூண்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. பறவை கூண்டின் உச்சிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இறகெல்லாம் உப்பித் தொங்கியது. கையை விட்டேன். கொத்தவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

காலிலும் இறக்கைக்கு அடியிலும் இருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். இருபத்தாறு எறும்பு. மணி ஏழேகால் ஆனது. விசில் இல்லை. காப்பி ஆடை படிந்து கிடந்தது. ஏழே முக்காலுக்குப் படியில் சத்தம் கேட்டது. பதினாறு.

"என்ன சார், உங்க ஆளு சத்தத்தக் காணோம்? அது விசில மூணு கழிச்சு எண்ணிப் பழகிட்டேன். இன்னிக்கு மூணு கூட வந்து பருப்பு கொழஞ்சே போச்சு."

நான் கூண்டைக் காட்டினேன். அவர் கூண்டைப் பார்த்தார். பால்கனிச் சுவரில் கிடந்த இன்னொரு விரிப்பைத் தொட்டு மடக்கினார். அது மொடமொடத்தது. முகர்ந்தார்.

"இதுக்குக் கஞ்சியா போட்டீங்க?"

"வெறப்பா நிக்கட்டும்னு."

"ஏன், இது ஆபீஸ் போகுதா?"

கேட்டுக்கொண்டே என் அடுப்படிக்குள் போய்த் தண்ணீரை வெதுவெதுப்பாக்கினார். பறவையை ஒரு மெல்லிய துணியில் பிடித்துக் காலைக் கழுவிவிட்டார். இரண்டு காலும் சிவந்திருந்தன. இரண்டாவது காலைக் கழுவும்போது பறவை தலையைத் திருப்பி அவர் விரலைக் கொத்தியது. ரத்தம் வந்தது.

"கொத்துது. பொழச்சுக்கும்" என்றார்.

"இன்னியோட ஒரு வாரம்" என்றேன் நான். கணக்கு கணக்குதான்.

"தெரியும். பேப்பரு விழல. பறவை இருக்கட்டும். உங்களத்தான் என்ன செய்யலாம்னு யோசிக்கிறேன்."

ஆறு விரிப்பையும் மீதித் துணியையும் அள்ளிக்கொண்டு போனார். ஒரு ராத்திரி நனையப் போட்டுக் கஞ்சியெல்லாம் போக அலசினார். பழைய நைட்டித் துணியை உள்ளே வைத்து இரண்டு மடிப்பாகத் தைத்தார். தட்டுக்கு அடியில் மடக்கிச் செருக நாலு பக்கமும் இரண்டு அங்குலம் விட்டார். இப்போது ஒன்றும் சுருளவில்லை, வெளியே வரவில்லை. அளந்தேன். ஆறில் எந்த இரண்டும் ஒரே அளவில்லை. சொன்னேன். "அப்ப நீங்களே தைச்சுக்கங்க" என்றார். துவைத்துக் காயப் போட்டால் என் விரிப்புகளைக் கொடியின் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார். அவர் போனதும் நான் நடுவுக்கு நகர்த்துகிறேன்.

எறும்பு ஏறியதிலிருந்து நான்காம் நாள் ஏழேகாலுக்குப் பறவை கொண்டையை நிமிர்த்தியது. ஒரு விசில். கொஞ்சம் விட்டு இன்னொன்று.

கீழிருந்து குரல் வந்தது. "சார், எத்தனையக் கழிக்க?"

"பொறுங்க" என்றேன்.

அவர் கீழே குக்கர் பக்கத்தில், நான் மேலே கூண்டுப் பக்கத்தில், மூன்றாவதுக்காக நின்றோம். பறவை என்னைப் பார்த்தது. பிறகு முதுகைத் திருப்பிக்கொண்டு தினையைக் கொறிக்கத் தொடங்கியது.

"ரெண்டு" என்று கீழே சொல்லிவிட்டு, காப்பியைக் கையில் எடுத்தேன்.