வெல்வெட் சட்டை போட்ட கம்ப்யூட்டர்

எங்கள் கம்ப்யூட்டருக்கு உம்மா சட்டை தைத்திருந்தாள். ஊதா வெல்வெட், ஓரமெல்லாம் சரிகை. திரைக்கு ஒன்று, பக்கத்தில் நிற்கும் பெட்டிக்கு ஒன்று. காரைக்கால் கடல்காற்று ஆணியைத் தின்னும், பூட்டைத் தின்னும். துபாயிலிருந்து வாப்பா அனுப்பிவைத்ததையும் தின்னவிடலாமா? அதனால் பெட்டி ஓடும்போதும் சட்டையைக் கழற்றக்கூடாது. பொத்தானை அமுக்க மட்டும் ஒரு ஓட்டை.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து, விரலில் பிரியாணி வாசம் போவதற்குள் இணையத்தில் வாப்பாவைத் தேடுவோம். மூன்று வருடமாக ஊருக்கு வராதவர், கட்டம் கட்டமாகச் சிதறிய முகத்தோடு திரையில் எழுந்தருளுவார். இணைப்பைப் பிடித்த உரிமையில் முதலில் மாமா. அடுத்து பெரியம்மா. அப்புறம் நான். கடைசியில் உம்மா. ஆனால் பெரியம்மா சலாம் சொல்லி, மூட்டுவலியின் வரலாற்றுக்குள் நுழையும்போதே திரை நீலமாகும், கறுக்கும். வாப்பா வாய் திறந்தபடியே மறைந்துபோவார்.

எனக்கு முன்பல் விழுந்திருந்தது. அந்தப் பொந்தை வாப்பாவுக்குக் காட்டியாக வேண்டும். வெள்ளிக்கிழமைகள் வந்தன, போயின. என் முறை வருவதற்குள் பல்லே முளைத்துவிட்டது! பக்கத்துப் பல் ஆடத் தொடங்கியது. அதையும் விட்டுவிடுவேனா?

மாமாவிடம் வைத்தியத்துக்குப் பஞ்சமில்லை. வைரஸ் என்று ஒரு சிடியைப் போட்டு அரைநாள் தேடினார். ஒயர்களைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினார். எல்லாவற்றையும் அழித்து மறுபடி ஏற்றினார். "ஊர்க்கண்ணு, வேற ஒண்ணுமில்ல" என்று பெரியம்மா மிளகாயும் நெருப்புமாக வந்தாள்.

"லாத்தா, கிட்ட வராதீங்க!" என்று அக்காளைப் பார்த்து அலறிய மாமா பெட்டியைக் கட்டிப்பிடித்தார். பிடித்த கையை உடனே உதறினார். "தோசைக்கல்லு மாதிரி கொதிக்குது! இதுக்கு யாரு வெல்வெட்டு போடச் சொன்னது?"

"குளுருக்கா போட்டேன்? உப்புக்காத்துக்குப் போட்டேன்" என்றாள் உம்மா.

திறந்து பார்த்தால், உள்ளேயிருந்த குட்டி விசிறி ஊதா நூலும் தூசியும் சுற்றி அசையாமல் கிடந்தது. புதியது சென்னையிலிருந்து வரவேண்டும். அதுவரை? மாமா பெட்டியைத் திறந்தபடியே விட்டு, ஸ்டாண்டு ஃபேனைத் தூக்கிவந்து நாற்காலிக்குப் பின்னால் நிறுத்தினார். ரெண்டு ஃபேன் ஓடினால் வோல்டேஜ் இறங்கும் என்று மேலே ஓடியதை அணைத்தார். திறந்த பெட்டிக்குள் உப்பு போகும் என்று உம்மா சன்னல்களைச் சாத்தினாள். கத்திரி வெயில். நாற்காலியில் இருப்பவருக்கு மட்டும் காற்று. மற்றவர்கள் பின்னால் நின்று, முகத்தைத் துடைத்துத் துடைத்து வெந்தோம். காற்றுக்காகவே மாமா பேச்சை வளர்த்தார். "எந்திரிடா, ஒன் மச்சான் ஒனக்கு மட்டுமா தெரியணும்?" என்று பெரியம்மா அவரைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள்.

கம்ப்யூட்டர் சாகவில்லை. அன்று காலையே நான் ஆடிய பல்லைப் பிடுங்கித் தயாராக இருந்தேன். வாயைப் பிளந்தேன். வாப்பா சிரித்த சிரிப்பில் அவர் முகத்துக் கட்டங்களெல்லாம் குலுங்கின. முதல்முறையாக உம்மாவின் முறையும் வந்தது.

நாற்பதாம் நாள், சொல்லாமல் கொள்ளாமல் வாப்பா வாசலில் நின்றார்.

"எல்லாருமாச் சேந்து கண்ணைத் தொடச்சுத் தொடச்சு அழுதா, மனுசன் அங்க எப்படி இருக்குறது?"

மாமா தரையில் உட்கார்ந்து சிரித்தார். "மச்சான், அது அழுகையில்ல! வேர்வை!"

வாப்பா திரும்பினார். "நீயுமா?"

"வேர்வைதாங்க" என்றாள் உம்மா, தேயிலைக்குத் தண்ணீர் வைக்கப் போய்க்கொண்டே. வீடே சிரித்தது. நானும்தான், பொந்து தெரிய.

அந்த வெள்ளிக்கிழமை நாற்காலியில் உம்மா இருந்த கோலம் எனக்கு இன்னும் தெரிகிறது. முந்தானை படபடவென்று பறந்து திரையை மறைக்கிறது. ஒரு கையால் அதை இழுத்துப் பிடித்து, அதன் நுனியாலேயே முகத்தைத் துடைக்கிறாள். வீட்டுக் காற்றெல்லாம் இவளுக்கே போகிறதே என்று எனக்கு ஒரே பொறாமை. அவ்வளவு காற்றில் வியர்க்குமா என்று கேட்கத் தோன்றவில்லை.