நீல ஜீப்பின் இடது சீட்டு

காசிமேட்டில் காலத்தைப் பிரித்துக் கொடுப்பது கடல்தான். மீன்பிடித் தடைக்காலத்துக்கு முன், தடைக்காலத்துக்குப் பின் என்றுதான் எங்கள் வீட்டில் பேச்சு. தேதி கேட்டால் சிரிப்பார்கள். எனக்கோ எந்தச் சங்கதியையும் அதன் மாதத்தில் நிறுத்திவைக்காமல் நிம்மதி கிடையாது. ஆகவே கேட்டும் விசாரித்தும் என் பள்ளிக்கூட வகுப்புகளோடு ஒப்பிட்டும் இவ்வளவு உறுதி செய்திருக்கிறேன்: அந்த மிலிட்டரி ஜீப் எங்கள் பட்டறைக்கு வந்தது சுனாமிக்கு அடுத்த ஆடியில். அப்போது நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். அது ஓடியது ஒரே ஒரு நாள், அடுத்த பங்குனியின் கடைசி ஞாயிறு.

அப்பா லாஞ்சு எஞ்சின் மெக்கானிக். விசைப்படகுக்கு எங்கள் பக்கம் லாஞ்சு என்று பெயர். மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்துத் தெருவில் தகரக்கூரை போட்ட பட்டறை. அதை வைத்துக் கொடுத்தது பெரியப்பாவின் பட்டாளத்துச் சம்பளம். பெரியப்பா ராணுவத்தில் டிரைவராக இருந்தவர். வடக்கே ஒரு மலைப்பாதையில் அவர் ஓட்டிய ஜீப் உருண்டதில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதற்கு மேல் அவர் சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை. செயற்கைக் காலோடு திரும்பி வந்து, எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் இரவுக் காவல் பார்த்தார். பகலில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பாய் போட்டுத் தூங்குவார்.

தூக்கத்தில் அவருடைய இடது கை ஓடும். மெல்லக் கிளம்பி, சட்டென்று பக்கவாட்டில் நீளும், விரல்கள் மூடும், திரும்ப வரும். "பாரு, அண்ணன் கியர் போடுது" என்பார் அப்பா. பள்ளி விடுமுறை நாட்களில் நானும் தம்பியும் பாய்க்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அந்தக் கைக்காகக் காத்திருப்போம். அது நீளும்போது ஒரே குரலில், ரகசியமாக, "பாம் பாம்" என்போம். பெரியம்மா பார்த்தால் மட்டும் விரட்டுவாள்.

ஜீப்பை வாங்கும் யோசனை அப்பாவுக்கு அந்தக் கையைப் பார்த்துத்தான் வந்தது. "தூக்கத்துலகூட வண்டிய வுட மாட்டேங்குது. ஒரே ஒரு வாட்டி ஓட்டிடுச்சுன்னா அதுக்கு மனசு ஆறிப்பூடும்" என்று அம்மாவிடம் சொல்வார். ராணுவம் கழித்துவிட்ட வண்டிகளை ஏலத்தில் எடுத்து விற்கும் தரகர் ஒருவர் மாதவரத்தில் இருந்தார். அவர் லாரியில் ஏற்றி அனுப்பியதை இறக்கிவைத்தபோது தெருவே கூடிவிட்டது. நான்கு சக்கரத்துக்கும் இழுவை உள்ள வண்டி என்று அப்பா பெருமையாகச் சொன்னார். அதில் இரண்டு சக்கரம் இல்லை. எதிர்வீட்டில் வலை பின்னிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திப் பார்த்தார்.

"இன்னா நைனா, அடுத்த சுனாமிக்கு இதுல ஏறி ஓடலாம்னு பார்க்கிறியா?"

"நீ வேணா உன் வலையில ஏறி ஓடு, மாமு."

பட்டறை வேலை முடிந்த பின்னும் ஞாயிறு முழுக்கவும் அப்பா ஜீப்போடு கிடந்தார். அவர் வேலையை ஆரம்பித்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. மொத்தமாகச் சுரண்டாமல், கதவுக்கருகே உள்ளங்கை அளவு இடத்தில் மட்டும் உப்புத்தாளை வைத்துத் தேய்த்தார். மேலே வெளுத்த பச்சை, அதன் கீழே மண் நிறம், அதன் கீழே கரும்பச்சை, கடைசியாக இரும்பு. வண்டியின் வயது ஒரு வெங்காயம்போலத் தெரிந்தது. தேதி மேல் எனக்கு ஆசை வந்தது அந்த உள்ளங்கை அளவு இடத்தில்தான் என்று நினைக்கிறேன்.

ஞாயிறுகளில் பெரியப்பாவும் வந்து, பட்டறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்காருவார். அப்பா ஒவ்வொன்றுக்கும் அவரைக் கேட்பார். இந்த நட்டு எதுக்குணா, இந்தக் கம்பி எங்கே போவுதுணா. பெரியப்பா ஒரு சொல்லில் பதில் சொல்வார். பதில் ஒருநாளும் தப்பியதில்லை. ஆனால் வண்டியை அவர் தொட்டதே கிடையாது. ஸ்பானரை எடுத்துக் கொடுக்கச் சொன்னால்கூட என்னைக் கைகாட்டுவார். ராணுவத்தில் இருந்தவர் கிரீஸில் கைவைக்க மாட்டார் போலும் என்று நான் முடிவு செய்துகொண்டேன்.

பச்சை மட்டும் அடிக்கக் கூடாது என்று தரகர் எச்சரித்திருந்தார். அந்த நிறம் பட்டாளத்துக்கு மட்டுமே உரியதாம். அடித்துக்கொண்டு ரோட்டில் போனால் பிடித்துக்கொள்வார்களாம். அப்பாவுக்கு அதில் வருத்தம். வண்டி பழையபடி இருந்தால்தான் அண்ணனுக்குப் பிடிக்கும் என்று நினைத்தார். கடைசியில் வேறு வழியில்லாமல் ஒரு லாஞ்சுக்கு அடித்து மீந்த நீலத்தை அடித்தார். பெயின்ட் காய்ந்த அன்று பெரியப்பா ஸ்டூலை விட்டு எழுந்து முதல்முறையாக வண்டியின் அருகே வந்தார். சுற்றிவந்து பார்த்துவிட்டு, "இது நல்லா கீது" என்றார். அப்பா அன்று எங்களுக்கெல்லாம் பிரியாணி வாங்கிக் கொடுத்தார்.

பெரியப்பாவின் காலுக்காக அப்பா ஒன்று செய்திருந்தார். கிளட்சைக் காலால் மிதிக்க வேண்டாம். உடைத்த லாஞ்சு ஒன்றிலிருந்து கழற்றிய பித்தளைக் கைப்பிடியை ஸ்டியரிங்கின் வலப்பக்கம் பொருத்தி, கம்பியால் இணைத்திருந்தார். விரலால் இழுத்தால் போதும். அதைச் சரிசெய்யவே மாசி முழுக்க ஆயிற்று. தேய்த்துத் தேய்த்து அதைத் தங்கம்போல ஆக்கியிருந்தார்.

அந்த ஞாயிறு காலை வண்டிக்குக் கற்பூரம் காட்டி, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தோம். அம்மா, பெரியம்மா, நான், தம்பி எல்லோரும் ஏறத் தயாராக நின்றோம். நான் ஓடிப்போய் முன்னால் இடது சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். பெரியப்பா அதுவரை என்னை அதட்டியதே இல்லை.

"எறங்கு! பின்னாடி போ!"

தெருவே திரும்பிப் பார்த்தது. நான் அழுதுகொண்டே இறங்கினேன். அப்பா, "சரி வா, நான் உட்கார்ந்துக்கிறேன்" என்று முன்னால் வந்தார். பெரியப்பா அவரையும் பார்த்தார். "அல்லாரும் பின்னாடி. இல்லன்னா நான் எடுக்க மாட்டேன்."

"மிலிட்டரி ஒழுங்கு" என்று அப்பா எங்களைப் பார்த்துக் கண்சிமிட்டினார். பின்னால் இருந்த இரண்டு பெஞ்சுகளில் நாங்கள் ஐந்து பேரும் நசுங்கி உட்கார்ந்தோம். முன் சீட்டு காலியாகவே போனது.

பெரியப்பா அருமையாக ஓட்டினார். டோல்கேட் நெரிசலில்கூட வண்டி ஒருமுறையும் அணையவில்லை. ஆனால் அவருடைய சட்டையின் முதுகு முழுக்க நனைந்திருந்தது. வெயிலால் என்று நினைத்தேன். அப்பாவோ அண்ணனின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தார். அவர் முகத்தில் அப்படியொரு பூரிப்பை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் கடற்கரைச் சாலையில் திரும்பியபோது, முன்னால் போன கன்டெய்னர் லாரி சட்டென்று நின்றது. பெரியப்பா பிரேக்கை மிதித்தார். நாங்கள் ஒருவர்மேல் ஒருவர் சரிந்தோம். அந்த நொடியில் அவருடைய இடது கை காலி சீட்டின் குறுக்கே நீண்டது. விரல்கள் மூடின.

தம்பி என் காதில், "பாம் பாம்" என்றான். இரண்டு பேரும் சிரித்தோம்.

அதற்குப் பிறகு கொஞ்ச தூரம்தான். ரேடியேட்டர் கொதித்து, முன்பக்கம் ஆவி கிளம்பியது. ஒரு பக்கம் லாரி வரிசை, இன்னொரு பக்கம் அலைக்குத் தடுப்பாகக் கொட்டிய பாறைகள், அதற்கப்பால் கடல். கொண்டுவந்த தண்ணீரை நாங்கள் குடித்துத் தீர்த்திருந்தோம். வண்டி ஆறும்வரை காத்திருந்து, சாக்கை வைத்து மூடியைத் திறந்தார் அப்பா. உள்ளே ஒன்றுமில்லை.

"டீக்கடை எங்கனா இருக்கும், கேட்டுப் பார்க்கலாம்" என்றாள் அம்மா.

பெரியப்பா ஸ்டியரிங்கை விட்டு இறங்கவில்லை. "டீக்கடை இன்னாத்துக்கு? கடல்தான் எதுத்தாப்புல கீதே. ஊத்துடா."

அப்பா காலி கேனோடு நின்றார். எங்கள் லாஞ்சுகளின் எஞ்சினெல்லாம் கடல்தண்ணீரை உறிஞ்சித்தான் சூடு தணிக்கும். அவர் கை அதற்குப் பழகிய கை. இருந்தாலும் தயங்கினார். "உப்புணா. ஜீப்பு தாங்காது."

"வூடு போற வரைக்கும் தாங்கும். போனதும் எறக்கிட்டு நல்ல தண்ணி வுட்டுக்கலாம். நான் பார்த்துக்கிறேன்."

அப்பா பாறைகளில் இறங்கிக் கடலை மொண்டுவந்து ஊற்றினார். வண்டி கிளம்பியது. வீடு வந்து சேர்ந்ததும் பெரியப்பா சாவியை அப்பாவின் சட்டைப்பையில் போட்டு, அவர் தோளை இரண்டு தட்டுத் தட்டினார். "நல்லா பண்ணியிருக்கிறே" என்றார். அப்பா திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த வாரமே தடைக்காலம் தொடங்கியது. கடலுக்குப் போகாத ஒன்றரை மாதத்தில்தான் எல்லா லாஞ்சு முதலாளிகளும் எஞ்சினைப் பிரித்துப் போடுவார்கள். அப்பாவுக்கு அப்போது சாப்பிடவே நேரம் இருக்காது. தார்ப்பாய் மூடிய ஜீப் பட்டறை மூலையில் நின்றது. லாஞ்சுகள் மறுபடி கடலுக்குப் போனதும் ஒரு ஞாயிறு அப்பா தார்ப்பாயை விலக்கி, ரேடியேட்டரின் அடியிலிருந்த திருகைத் திறந்தார். சிவப்பாக, சேறாக, கொஞ்சம் வழிந்து நின்றுவிட்டது. எஞ்சினுக்குள்ளும் அதே கதைதான் என்று கையை விட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

பெரியப்பா வாசலில் ஸ்டூலில் இருந்தார்.

"தண்ணி எறக்கலியாணா?"

"மறந்துட்டேன்டா."

நட்டின் அளவு முதற்கொண்டு எதையும் மறக்காதவர். அப்பா அவரை வெகுநேரம் பார்த்தார். பெரியப்பாவும் பார்வையை விலக்கவில்லை. பிறகு அப்பா பானெட்டைச் சத்தமில்லாமல் மூடினார். பித்தளைக் கைப்பிடியைக் கழற்றி வேறொரு லாஞ்சுக்குப் போட்டார். ஜீப் வந்த வழியிலேயே மாதவரத்துக்குப் போனது. நான் பெரியப்பாவோடு சில வாரங்கள் பேசாமல் இருந்தேன். அப்பாவின் எட்டு மாத உழைப்பை மறதியால் கெடுத்துவிட்டாரே என்று எனக்கு ஆத்திரம். அப்பாவுக்கு ஏன் கோபம் வரவில்லை என்பது விளங்கவே இல்லை.

பெரியப்பா போய்ப் பல வருடம் ஆகிறது. காரியம் முடிந்த அன்று, கூடத்தில் அவர் பாய் போடும் இடத்தைப் பார்த்தபடி பெரியம்மா ஒன்று சொன்னாள். மலைப்பாதையில் அந்த வண்டி உருண்டபோது இடது சீட்டில் ஒரு பையன் இருந்தானாம். புதிதாகப் பட்டாளத்தில் சேர்ந்தவன். இவர் எட்டிப் பிடித்திருக்கிறார். சட்டையின் துண்டு ஒன்றுதான் கையோடு வந்ததாம்.

இப்போது வேலைக்குப் போகும்போது அதே எண்ணூர் சாலையில் நானே கார் ஓட்டுகிறேன். போன மாதம் ஒரு லாரி திடீரென நின்றது. பிரேக்கை அழுத்திய அதே நொடியில், இடது சீட்டில் இருந்த என் மகனின் நெஞ்சுக்குக் குறுக்கே என் கை தானாக நீண்டு அவன் சட்டையைப் பிடித்தது. லாரி நகர்ந்த பிறகும் நான் அந்தப் பிடியை விடவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

அந்த ஜீப்பில் கியர் கம்பி எங்கே இருந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். பெரியப்பாவின் முழங்காலுக்குப் பக்கத்தில், தாழ்வாக. அன்று பின்பெஞ்சிலிருந்து நான் பார்த்த கை அங்கே போகவில்லை. காலியாக இருந்த சீட்டில், ஒருவனுடைய நெஞ்சு இருக்கும் உயரத்துக்குப் போனது.