கொடிக்கம்பத்தின் கீழே ஒரு ஜோடி ஷூ

ரஞ்சன்குடிக் கோட்டைக்குக் குழந்தைகளோடு போக நினைப்பவர்களுக்காக எழுத ஆரம்பித்த பதிவு இது. பாதியில் எனக்குக் கோபம் வந்து வேறு எங்கோ போய்விட்டது. தகவல் மட்டும் வேண்டும் என்பவர்கள் கடைசிப் பத்திக்குப் போய்விடலாம். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன், என் கோபத்துக்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

என் மகள் யாழினிக்குப் பத்து வயது. பள்ளியில் போர் வீரரைப் பற்றிப் படம் வரையச் சொன்னார்கள். பனிமலை உச்சியில், ஏதோ சுற்றுலா போனவர் மாதிரி சிரித்துக்கொண்டு நிற்கும் ஒரு சிப்பாயை வரைந்தாள். எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் என் பெரியம்மா மகன் செல்வராசு அண்ணன் கார்கில் சண்டையில் இருந்தவர். அவர் வாயாலேயே அவள் கேட்கட்டும் என்று 2006 சுதந்திர தினத்துக்கு முதல் நாள், திங்கட்கிழமை கிளம்பினோம்.

காலை ஆறு மணிக்குக் கோயம்பேட்டில் திருச்சி பஸ். டிக்கெட் நூறு ரூபாய் சொச்சம். பெரம்பலூருக்குப் பதினேழு கிலோமீட்டர் முன்னாலேயே இறங்கிக்கொண்டால் கோட்டைக்கு நடந்தே போகலாம். நாங்கள் இறங்கியபோது அண்ணன் எங்களுக்காகக் காத்திருந்தார்.

கோட்டை அருமை. மதில் மேலிருந்து பார்த்தால் சோளக்கொல்லைகளும் நெடுஞ்சாலையும் தெரிகின்றன. யாழினி தாவித் தாவி ஏறினாள். அண்ணன் ஒவ்வொரு படியிலும் நின்று, சுவரைப் பிடித்து ஏறினார்.

"மாமா, மிலிட்டரி ஆளு இவ்ளோ மெதுவாவா ஏறுவீங்க?"

அவர் சிரித்தார். "வயசாயிருச்சுல்ல பாப்பா."

அவருக்கு முப்பத்தெட்டு வயதுதான். "எத்தன பேர சுட்டீங்க?" என்று அவள் அடுத்துக் கேட்டாள். அவர் சுவரைப் பிடித்து அடுத்த படியில் கால் வைத்தார்.

அங்கிருந்து பெரம்பலூர், பிறகு அண்ணன் ஊருக்கு டவுன் பஸ். திங்கட்கிழமை என்பதால் சிறுவாச்சூர் காளி கோயிலிலிருந்து திரும்பும் கூட்டம் முழுவதும் அந்த பஸ்ஸில்தான் இருந்தது. அண்ணன் முக்கால் மணி நேரம் நின்றுகொண்டே வந்தார். அரியலூர்ப் பக்கம் ஒரு சிமென்ட் ஆலை வாசலில் காவல் வேலை அவருக்கு. அங்கேயும் நாள் முழுக்க நிற்பதுதான் பிழைப்பு. ஊர்ப் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. எழுதினால் அவருக்குத்தான் தொல்லை.

மறுநாள் ஊர்ப் பள்ளியில் கொடியேற்றம். "முன்னாள் ராணுவ வீரர்" என்று அண்ணனையும் மேடைக்கு அழைத்திருந்தார்கள். இஸ்திரி போட்ட சட்டை, பளபளவென்று துடைத்த கறுப்பு ஷூ. கொடியேற்றப் போகிறவர் ஓர் அரிசி ஆலை முதலாளி. அவர் கம்பத்தருகே வந்ததும் செருப்பைக் கழற்றினார். மேடையில் இருந்த எல்லோரும் கழற்றினார்கள். நம் ஊர்களில் அதுதான் வழக்கம், கோயில் மாதிரி. அண்ணன் மட்டும் ஷூவோடு நின்றார்.

தலைமையாசிரியர் வந்து, "செல்வராசு, கொடி ஏத்தப் போறாங்க. ஷூவக் கழட்டிருப்பா" என்றார்.

"மிலிட்டரில பூட்ஸோடதான் சார் சல்யூட் அடிப்போம்."

"இது மிலிட்டரி இல்லல்ல? புள்ளைங்க பாக்குதுங்க. கழட்ட முடியாதுன்னா கீழ போயி நில்லுங்க."

அண்ணன் மறுபேச்சு இல்லாமல் இறங்கினார். "கொடிக்கு மரியாத தெரியாதவன்லாம் என்னா மிலிட்டரி?" என்று கூட்டத்தில் ஒருவர் சத்தமாகவே சொன்னார். விவரத்தைச் சொல்லிவிடலாம் என்று தலைமையாசிரியரிடம் போனேன். அண்ணன் என் கையைப் பிடித்தார்.

"வேணாம் மாலா. மேடைல போயி காலக் காட்டி நியாயம் கேக்கச் சொல்றியா?"

கொடி ஏறியது. முதலாளி மைக்கைப் பிடித்தார். "கொட்டும் பனியிலே, உறைய வைக்கும் குளிரிலே, நமக்காக நிற்கிறானே ராணுவ வீரன்!" என்று முழங்கினார். கைதட்டினார்கள். அந்தப் பனியில் நின்றவரை அப்போதுதான் மேடையிலிருந்து இறக்கிவிட்டிருந்தார்கள். கொஞ்சமாவது வெட்கம் வேண்டாமா?

பிள்ளைகளின் கடைசி வரிசைக்குப் பின்னால், குழாயடிக் கட்டையில் அண்ணன் உட்கார்ந்தார். ஒரு சின்னப் பெண் திரும்பி, "நீங்க ஏன் ஷூ கழட்டல?" என்றாள். திட்டவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அண்ணன் அவளையும் யாழினியையும் பார்த்தார். பிறகு குனிந்து கயிற்றை அவிழ்த்தார்.

ஷூவின் முன்பக்கம் முழுவதும் துணி அடைத்திருந்தது. வலது காலில் விரல்களே இல்லை. இடது காலில் கட்டைவிரல் மட்டும்.

"குண்டு பட்டுச்சா?" என்றாள் அந்தச் சின்னப் பெண்.

"இல்லம்மா. குளிரு. மொதல்ல ஊசி குத்துற மாரி இருக்கும். அப்பறம் ஒண்ணும் தெரியாது. வலி போயிருச்சுன்னு சந்தோசப்படுவோம். அங்கதான் ஏமாந்துருவோம். ரெண்டு நா கழிச்சி சாக்ஸக் கழட்டுனா வெரலு கரிக்கட்ட மாரி இருந்துச்சு."

"சோறு?"

"அவ்ளோ ஒசரத்துல அரிசி வேவாது. தண்ணி வேணும்னா பனிய உருக்கணும். ஸ்டவ்வு பத்த வெச்சா எதிரிக்குத் தெரிஞ்சுரும். பனிக்கு நடுவுல தாகத்தோடயே கெடப்போம்."

"பயமா இருந்துச்சா மாமா?" இது யாழினி.

"ரொம்ப. பக்கத்துல படுத்திருந்தவன எழுப்புனேன். எந்திரிக்கல. அதுக்கப்பறம் கண்ண மூடவே பயம்."

ஒவ்வொருவராகப் பிள்ளைகள் திரும்பி அவரைச் சுற்றி நின்றுவிட்டார்கள். மேடையில் முழக்கம் நடந்துகொண்டே இருந்தது. அது முடிந்ததும் மைக்கில் தேசியகீதம் ஆரம்பித்தது. ஷூவை மாட்ட அவருக்கு நேரமில்லை. வெறுங்காலோடு எழுந்து விறைப்பாக நின்று சல்யூட் வைத்தார். விரல் இல்லாத கால் நிற்குமா? உடம்பு முன்னால் சாய்ந்தது. யாழினி ஒரு பக்கமும் கேள்வி கேட்ட பெண் மறுபக்கமும் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். பாட்டு முடியும்வரை அவர் கையை இறக்கவில்லை.

மேடையில் இருந்தவர்கள் கேட்ட வெறுங்கால் மரியாதை கிடைத்துவிட்டது. தலைமையாசிரியர் பார்த்தார். முகம் செத்துப்போயிற்று. அருகில் வந்து, "சொல்லியிருக்கலாம்ல செல்வராசு?" என்றார். அப்போதும் தப்பு அண்ணன் மேல்தான்!

திரும்பும்போது பஸ்ஸில் யாழினி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். விழுப்புரம் தாண்டியதும், "அந்தப் படத்த வேற வரையணும்மா. ஆனா எப்படி வரையிறதுன்னு தெரியல" என்றாள். எனக்கும் தெரியவில்லை.

போகிறவர்களுக்கு: கோட்டைக்குக் காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் பாறையில் கால் வைக்க முடியாது. தண்ணீர் கொண்டுபோங்கள், மேலே எதுவும் கிடைக்காது. சிறுவாச்சூர் கோயில் திங்களும் வெள்ளியும்தான், அன்று டவுன் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காது. அப்படியே கிடைத்து, பக்கத்தில் ஷூ போட்ட ஒருவர் நின்றுகொண்டு வந்தால், எதுவும் கேட்காமல் எழுந்து இடம் கொடுங்கள்.