மேல என்றால் மேற்கு

எங்கள் தூத்துக்குடி வீட்டில் பெஞ்சில் இடம் கேட்டால்கூட, "கொஞ்சம் கிழக்க தள்ளி உக்காரு" என்றுதான் சொல்வோம். கிழக்கே கடல் கிடக்கிறது. திசை மறந்துபோக வழியே இல்லை. அந்தப் பழக்கம்தான் என் ஆராய்ச்சிக்கு வினையாக வந்தது.

தென்னிந்திய மலைகளில் தானாக வளரும் ஒரே ஊசியிலை மரம் நிரம்பலி. வேடிக்கை என்னவென்றால், அதற்கு ஊசி இலை கிடையாது, அகன்ற இலை. மழை கொட்டும் மேற்குச் சரிவிலும் மழை குறைந்த கிழக்குச் சரிவிலும் நிற்கும் அந்த மரங்கள் மரபணுவில் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதுதான் என் கேள்வி. மூன்று வருடம் அட்டைக்கடி பட்டு, இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் இலை பறித்தேன். காயவைத்த பொட்டலங்களில் 'மேல', 'கீழ' என்று பென்சிலால் எழுதினேன். மேல என்றால் மேற்கு, கீழ என்றால் கிழக்கு. இதை ஒருவருக்கு விளக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

முடிவு வந்தபோது இரண்டு பக்கத்து மரங்களும் தெளிவாகப் பிரிந்து நின்றன. தரையில் கால் பாவவில்லை எனக்கு. என் வழிகாட்டிப் பேராசிரியர் பெருநகரத்து அடுக்குமாடியில் வளர்ந்தவர். பொட்டலங்களைப் பார்த்துவிட்டு அவரே மாநாட்டுக்குச் சுருக்கம் எழுதி அனுப்பிவிட்டார்: உச்சியில் நிற்கும் மரங்களும் அடிவாரத்து மரங்களும் வேறுபடுகின்றன என்று. அச்சில் பார்த்தபோதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. தப்பில் என் பங்கும் உண்டு என்று ஒத்துக்கொண்டு, திருத்தம் அனுப்பலாம் என்றேன். அவரோ போனது போகட்டும், ஆய்வேட்டிலும் அப்படியே எழுதிவிடு, யார் மலையேறிப் பார்க்கப் போகிறார்கள் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மேக்க நிக்குத மரத்த நான் எப்படி சார் உச்சியில ஏத்துவேன்? எழுத மாட்டேன்."

"அப்போ நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"போடாதீங்க சார்."

வெளியே வந்துவிட்டேன். அவர் கையெழுத்து இல்லாமல் பட்டம் இல்லை. ஆனாலும் அன்றைக்கே மாநாட்டுக்காரர்களுக்கு என் பெயரில் திருத்தம் அனுப்பினேன். பொட்டலங்களை இரண்டு டப்பாவில் அடைத்து, பஸ்ஸில் மடியிலேயே வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

கையெழுத்து இன்னும் வரவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் அது என்ன டப்பா என்று கேட்கிறார்கள்; ஒவ்வொருவருக்கும் உட்காரவைத்துச் சொல்கிறேன். மேல டப்பா அலமாரியில் மேற்கு ஓரத்தில் இருக்கிறது, கீழ டப்பா கிழக்கு ஓரத்தில். இரண்டும் ஒரே தட்டில்.