க்ளெமின் இடது கை

என் கணவர் வில்ஃப் கார்பட் முப்பத்தோரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். ஒரு குழந்தைக்குக்கூடச் சிராய்ப்பு வந்ததில்லை என்று யாரிடம் பேசினாலும் பத்தாவது நிமிஷத்தில் சொல்லிவிடுவார். மற்றபடி அவருக்குப் பேச ஒரே விஷயம்தான்: இரண்டு குழலும் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கும் பழைய இங்கிலீஷ் துப்பாக்கி. குழலை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்திருந்தால் அதைத் துப்பாக்கி என்றே ஒப்புக்கொள்ள மாட்டார். "அது குழாய் ரிப்பேர்காரன் செஞ்சது" என்பார்.

எங்கள் வீட்டில் ஒன்பது இருந்தன. லண்டன்காரர்களின் பெரிய பெயர்கள் எதுவும் கிடையாது; அதற்கெல்லாம் எங்களுக்கு வக்கில்லை. எல்லாம் எண்பது, நூறு வருஷத்துக்கு முன் யார்க்‌ஷயர் சந்தை ஊர்களில் கடை வைத்திருந்தவர்கள் விற்றவை. இரவுச் சாப்பாடு முடிந்ததும் டிவி முன்னால் உட்கார்ந்து துப்பாக்கியின் வால்நட் மரக் கட்டையில் ஆளிவிதை எண்ணெயை வெறும் உள்ளங்கையால் தேய்ப்பார். துணியால் தேய்த்தால் சூடு ஏறாதாம். என் தோளை ஒரு நாளாவது அப்படிப் பிடித்துவிட்டிருந்தால் இந்த மனுஷனைப் பற்றி இன்னும் கொஞ்சம் நல்லவிதமாகச் சொல்லியிருப்பேன்.

வாங்கினாலும் விற்றாலும் குழலின் கனத்தை அளந்து நோட்டில் எழுதுவார். பழைய குழல்கள் துருவைச் சுரண்டிச் சுரண்டியே மெலிந்திருக்கும். ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் இருபது பங்காவது கனம் வேண்டும். குறைந்தால், சுடும்போது பிளந்துகொள்ளும். அந்த இடத்தில் குழலைத் தாங்கிப் பிடித்திருப்பது மனிதனின் இடது கை.

1983 மே மாதம் அவர் தன் சிநேகிதன் க்ளெம் பிக்கர்ஸ்கில்லுக்கு ஒரு துப்பாக்கி விற்றார். க்ளெம் ஆடு வளர்க்கிறவன், பக்கத்துப் பள்ளத்தாக்கு. அளந்தபோது இருபத்துநாலு காட்டியது. அந்த நவம்பரில், ஒரு சனிக்கிழமை காலை, வேறொரு துப்பாக்கியோடு டவுனில் ரிப்பேர் கடைக்குப் போன வில்ஃப் முகத்தில் ஈயாடாமல் திரும்பி வந்தார்.

"ஹில்டா, கடைக்காரன் கருவியோட ஒத்துப்பாத்தேன், என் அளவுக்கருவி தப்புக் காட்டுது. எட்டு அதிகமாக் காட்டுது. க்ளெம் துப்பாக்கி இருபத்துநாலு இல்ல, பதினாறு!"

க்ளெம் வீட்டுக்குப் போன் செய்தேன். அவன் காலையிலேயே அவர்கள் பள்ளத்தாக்குக் காட்டுக்கு வேட்டைக்குப் போய்விட்டான் என்றாள் அவன் மனைவி.

பேருந்து ஓட்டிய வில்ஃபின் கைக்குக் கார் சாவியைத் துளையில் நுழைக்க முடியவில்லை. நான் ஓட்டினேன். பதினோரு மைல். பாதி வழியில் எனக்கு அடக்க முடியவில்லை.

"வில்ஃப், ஈஸ்டருக்கு வீடு சுத்தம் பண்ணும்போது அந்தக் கருவிய நான்தான் கீழ தள்ளிட்டேன். உடையலையேன்னு எடுத்து வச்சுட்டு, வாயத் திறக்கல."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"பாதையப் பாத்து ஓட்டு" என்றார்.

காட்டோரம் காரை நிறுத்தும்போதே வெடிச்சத்தம் கேட்டது. சுடுகிறவர்கள் வரிசையாக நிற்க, அந்தப் பக்கமிருந்து ஆட்கள் ஃபெசன்ட் என்ற காட்டுக்கோழிகளைக் கலைத்து விட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் யாரும் இருமக்கூட மாட்டார்கள். வில்ஃப், டவுனுக்குப் போட்டுப்போன செருப்போடு, சேற்றில் விழுந்தடித்துக்கொண்டு ஓடினார்.

"க்ளெம்! கீழ வை! சுடாத!"

"யாருய்யா அது? வாய மூடுய்யா, கோழியெல்லாம் திரும்பிடும்!" என்று யாரோ கத்தினார்கள்.

வரிசையின் கடைசியில் நின்ற க்ளெம் காதில் இது விழவே இல்லை. துப்பாக்கியைத் தூக்கினான். டமால்! வில்ஃப் அப்படியே முழங்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். நான் வாய் திறக்காததால் வந்த வினை, ஒரு மனுஷன் கை போகப்போகிறது என்று நினைத்தேன்.

க்ளெம் திரும்பினான். முழுசாக.

"என்ன வில்ஃப், ஆடு எதாச்சும் ரோட்டுக்கு வந்துடுச்சா?"

"துப்பாக்கி... நான் குடுத்த துப்பாக்கி..."

அவன் கையில் இருந்தது கட்டையில் டேப் சுற்றிய ஏதோ ஒரு ஸ்பானியத் துப்பாக்கி. க்ளெமின் காது சிவந்துபோனது.

"சரி, மாட்டிக்கிட்டேன். திட்டறதுன்னா திட்டிடு. அது வீட்ல துணி அலமாரில இருக்கு, போர்வைக்கு நடுவுல. ஒரு தோட்டாகூடப் போட்டதில்ல."

"ஒண்ணுகூடவா?"

"சுடாம பூட்டி வைக்கிறவனுக்குத் தரமாட்டேன்னு நீதான குதிச்ச? அதான் போன வாரம் பதினொண்ணு விழுந்துச்சு, முந்தின வாரம் ஒம்பதுன்னு அளந்து விட்டேன். அவ்வளவு அழகு வில்ஃப் அது. மழைல எடுக்க மனசு வரல."

"பொய்க்காரப் பயலே! நீ நல்லா இருக்கணும்டா" என்றார் வில்ஃப். அழுதார், சிரித்தார், இரண்டும் கலந்து இருமல் வந்தது.

கருவியை நான் தள்ளிவிட்ட கதையை நானே க்ளெமிடம் சொன்னேன். அவன் கையுறையைக் கழற்றித் தன் இடது கையைப் பார்த்தான். வில்ஃப் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு விரல்களை ஒவ்வொன்றாக எண்ணினார். ஐந்தும் இருந்தன. அப்பாடா என்று எனக்கு உடம்பே லேசாகிப்போனது.

சுற்று முடிந்ததென்று ஊதல் கேட்டது. மற்றவர்கள் எங்கள் பக்கம் நடந்து வந்தார்கள்.

"கைய விடுய்யா, எல்லாரும் பாக்கறாங்க" என்றான் க்ளெம்.

வில்ஃப் கட்டைவிரலிலிருந்து மறுபடியும் எண்ண ஆரம்பித்தார்.